அண்டர்சனுக்குப் பிறகும் கதை இருக்குது மச்சான்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மனிசிக்கு முழங்கால் நோ குறைந்ததைக் கேட்டு நிம்மதி. இங்கே நாங்கள் சுகம், மழைதான் ஓயுதில்லை.

"ஒடென்ஸ அண்டர்சன் பிறந்த ஊராச்சே, அங்கத்தைப் பிள்ளைகள் இன்னும் கடற்கன்னிக் கதைதானோ படிக்குதுகள்?" என்று கேட்டிருந்தாய். டென்மார்க்கின் இந்த ஊருக்கு உல்லாசப் பயணிகள் தேடி வருவது, பிள்ளைகளுக்கான தேவதைக் கதைகள் எழுதிய அந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சனைத்தான். 2021 இல் யப்பான் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வரைந்த புது நூதனசாலையும் திறந்தாச்சு. ஆனால் என் பேத்தி தலையணைக்குக் கீழே வைத்திருப்பது வேறு புத்தகங்கள். அவளிடம் இரவல் வாங்கி நானும் படிக்கிறேன்.

லெனே கோபர்பெல் எழுதி 2000 இல் வந்த நாவலின் பெயரை 'வெட்கப்படுத்துபவளின் மகள்' என்று தமிழாக்கலாம். டீனா என்ற சிறுமிக்குத் தாய் வழியில் வந்த ஒரு வரம்: அவள் கண்ணைப் பார்த்தவருக்குத் தான் செய்த வெட்கக்கேடெல்லாம் முன்னால் வந்து நிற்கும். வரமோ சாபமோ! ஊரில் ஒருத்தரும் அவள் முகம் பார்ப்பதில்லை, கூடி விளையாட ஒரு பிள்ளை இல்லை. தாயைக் கோட்டைக்கு அழைத்து, கொலைப்பழி சுமந்த இளைஞனின் கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கிறாள், இவன் கொல்லவில்லை என்கிறாள். அங்கே எதிர்பார்த்த பதில் அதுவல்ல. அதிலிருந்து பிடிக்கிறது கதை. டிராகன்களும் உண்டு, எனக்கு அவை இல்லாவிட்டாலும் குறையில்லை.

படிக்கப் படிக்க, அண்டர்சன் 1837 இல் எழுதிய அரசனின் புத்தாடைக் கதைதான் மனதில் ஓடியது. அரசனுக்கு உடுப்பில்லை என்று உள்ளதைச் சொன்ன பிள்ளையை அடுத்த நாள் ஊர் என்ன பாடுபடுத்தியிருக்கும்? அண்டர்சன் அந்தப் பக்கம் போகவில்லை. கோபர்பெல் போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கென்னத் போ அண்டர்சனும் (இங்கே தெருவுக்கொரு அண்டர்சன்) நல்ல பிள்ளைகளைத்தான் சோதிக்கிறார், ஆனால் பகிடியாக. 2005 இல் வந்த அவரது நாவலில் சாகக் கிடக்கும் சாத்தானுக்கு வாரிசு தேவை. ஆள் மாறி, தங்கமான பிள்ளை பிலிப் நரகத்துக்கு வந்து சேருகிறான். கெட்டவனாவது எப்படி என்று அவனுக்கு வகுப்பு நடக்கிறது.

லூயி யென்சன் முற்றிலும் வேறு ரகம். கட்டடக் கலை படித்தவர்; சதுரமாகவே அச்சான குட்டிக் கதைகளை 1992 முதல் 2016 வரை வெளியிட்டு, 1001 ஆனதும் நிறுத்திக்கொண்டார். இது எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றையும் தொடங்குவார். சிலது எனக்கு விளங்காது. பேத்தியோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

டீனாவின் கதையைக் கோபர்பெல்லே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். உன் வாசிகசாலைக்கு ஒரு பிரதி அனுப்பட்டோ? சின்னஞ்சிறுசுகளுக்குக் கொடுக்காதே, கொலையும் இரத்தமும் வரும். மேல் வகுப்புப் பெடியளுக்குச் சரி. விலாசம் பழையதுதானோ என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி