பதிவேடுகளை எரித்த நிலநடுக்கம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலியைச் சாக்காக வைத்துப் பதிலைத் தள்ளிப்போட்டேன், உண்மையில் சோம்பல்தான். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட உன்னால் சும்மா இருக்க முடியவில்லையா? மறுபடியும் வகுப்பெடுக்கப் போகிறாயாமே!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்கக் குடியேற்ற வரலாறு ஒரு பாடம், புவித்தட்டுகள் இன்னொரு பாடம், பிள்ளைகள் தனித்தனியாக மனப்பாடம் செய்து தனித்தனியாக மறக்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய். என்னைக் கேட்டால் கலிபோர்னியா ஒன்றை வைத்தே இரண்டையும் நடத்திவிடலாம்.

தங்கத்தில் தொடங்கு. கடல்தட்டு கண்டத்தட்டுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருந்த காலத்தில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் பாறை வெடிப்புகளில் சுடுநீர் ஏறி, குவார்ட்ஸ் என்ற வெண்கல்லோடு தங்கத்தையும் படியவைத்தது. பிறகு ஆறுகள் மலையை அரித்து அதை மணலில் கொண்டுவந்து போட்டன. 1848 ஜனவரியில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் வாய்க்காலில் அது கண்ணில் பட்டது. அப்புறம் என்ன, உலகமே ஓடிவந்தது. தென்சீனத்திலிருந்து கப்பலேறியவர்கள் அந்த மண்ணுக்கு வைத்த பெயரே 'தங்கமலை'. ஆனால் 1850இலேயே அயல்நாட்டுச் சுரங்கக்காரர்கள்மேல் தனி வரி விழுந்தது. 1882இல் வந்த சட்டம் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதையே தடுத்தது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வீதம் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. உரசும் இடம் பூட்டிக்கொண்டால் இழுவை சேர்ந்துகொண்டே போகும். 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில், அந்த இரண்டு தட்டுகளும் உரசும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அறுத்துக்கொண்டது. சில இடங்களில் நிலம் 6 மீட்டர் வரை பக்கவாட்டில் நகர்ந்தது. நடுக்கத்தைவிட அதன் பின்னால் வந்த தீதான் சான் பிரான்சிஸ்கோவை அதிகம் அழித்தது. அந்தத் தீயில் பிறப்புப் பதிவேடுகளும் போயின. "நான் இங்கேதான் பிறந்தேன்" என்று ஒரு சீனர் சொன்னால், இல்லையென்று காட்ட ஏடு இல்லை. அங்கே பிறந்தவர் என்றால் குடிமகன். குடிமகன் ஆனவரின் பிள்ளைகள் சீனாவில் பிறந்திருந்தாலும் உள்ளே வரலாம். இல்லாத மகன்களின் பெயரிலும் தாள்கள் தயாராகின, விலைக்கும் போயின. 'காகித மகன்கள்' என்றே அவர்களுக்குப் பெயர்.

அவர்களைப் பிடிக்கத்தான் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அத்தனை குடைச்சல். 1910 முதல் 1940 வரை நடந்தது. உன் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், அண்டை வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று துருவுவார்கள். பதில் தந்தையின் பதிலோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பும் கப்பல்தான். உண்மையான மகனே தடுமாறியிருப்பான். என் பழைய வீட்டுக்கு எத்தனை படி என்று கேட்டால் நானே முழிப்பேன். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அங்கே காத்திருந்து மரச்சுவர்களில் கவிதைகளைச் செதுக்கினார்கள். 1970இல் கட்டடத்தை இடிக்க இருந்த நேரத்தில் அவை ஒருவர் கண்ணில் பட்டதால் தப்பின.

கடைசியாகக் கல்லைக் காட்டு. அந்தத் தீவிலும் பக்கத்து மாரின் குன்றுகளிலும் இருப்பது பழைய கடல்தளத்தின் துண்டுகள். மாரின் குன்றுகளில் உள்ள செர்ட் என்ற செந்நிறக் கல், நிலநடுக்கோட்டருகே ஆழ்கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. தட்டோடு நகர்ந்து வந்து, அமிழும்போது சுரண்டப்பட்டுக் கண்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. "கல்லும் வந்தேறிதான்" என்று சொல்ல உனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்லாதே. அழகாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் அதை மட்டும்தான் விடைத்தாளில் எழுதுவார்கள்.

கரும்பலகையில் நீ வரையும் குறுக்குவெட்டுப் படத்தை எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. தட்டு அமிழும் பக்கத்தை முன்பு ஒருமுறை தலைகீழாக வரைந்தவள் நீ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி