பகலில் மிளகாய் அரைக்காத மில்லுக்கு

நேற்று ராத்திரி 11 மணிக்கு எங்கள் பேண்டு ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் மாஸ்டர் (வெளியிடத் தயாரான இறுதி ஒலிவடிவம்) வந்து சேர்ந்தது. ஹெட்போனில் ஒரு தடவை, அம்மாவின் ஃபோனில் ஒரு தடவை, நண்பனின் ஆட்டோ ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுவிட்டேன். மூன்றிலும் பம்பை கணீரென்று கேட்கிறது. பாஸ் கிட்டார் ஆட்டோவில் மட்டும்தான் ஒழுங்காகக் கேட்கிறது, அது வேறு கதை. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

பதிவு செய்து வைத்திருந்த பாட்டெல்லாம் சித்திரையில் எப்படி வீணாயின என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். பாதிப் பேர் அன்று ராத்திரியே ஃபோன் செய்தவர்கள். திரும்பவும் அதைக் கிளற எனக்குத் தெம்பில்லை. எட்டுப் பாட்டையும் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும், கையில் ஒன்பது நாள், இடம் கிடையாது. அவ்வளவு போதும்.

இதற்கு முன்னால் நான் போட்ட பாட்டெல்லாம் தனி ஆள் வேலை. ஒரு கிட்டார், ஒரு மைக், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு உள்ளறை. மிக்சியை நிறுத்தி வைத்த அம்மாவுக்கு நன்றி சொன்னால் கணக்கு முடிந்தது. பேண்டு அப்படி இல்லை. டிரம்ஸ், பாஸ், கீபோர்டு, லீட் கிட்டார், பம்பை, அப்புறம் நான். ஆறு பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவனும் நான்தான். தனித்தனியாக வாசித்து ஒட்டியிருந்தால் வேலை சுலபம். ஆனால் எங்கள் பம்பை அண்ணனின் கை, மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்று மணலில் அம்மனுக்கு முன்னால் வாசித்துப் பழகிய கை. எதிரில் ஆடுகிறவனைப் பார்த்து ஏறும், இறங்கும். காதில் கிளிக்கை (தாளம் எண்ணிக் கொடுக்கும் டிக் டிக் சத்தத்தை) மாட்டிவிட்டால் தாளம் சரியாக இருக்கும், பம்பை இருக்காது.

கடைசியில் கிடைத்தது கொசப்பேட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடி.

மில் நடத்தும் அக்காவிடம் முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். டேக் (ஒரு தடவைப் பதிவு) போகும்போது காலால் தரையை மூன்று தட்டு தட்டுவோம், அவர் மோட்டாரை நிறுத்துவார். இரண்டு தட்டு தட்டினால் ஓட்டலாம். அதற்கு ஒரு தொகையும் ஒத்துக்கொண்டோம். "ஒரு பாட்டு எம்மா நேரம் தம்பி?" என்றார். நாலு நிமிஷம் என்றேன். "நாலு நிமிசத்துல நான் ஒரு படி கேவுரு அரைச்சிடுவேன்" என்று சிரித்தார்.

சத்தத்தைப் பற்றி யோசித்தோமே தவிர, எங்கள் ஆறு பேரில் ஒருவனுக்கும் மிளகாய் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வீடு வருஷத்து மிளகாய்த்தூள் அரைக்கிற மாசம் அது. மாடியில் மிளகாயும் தனியாவும் விரலி மஞ்சளும் காய்ந்து, மூன்று மணிக்கு மேல் டின் டின்னாக மில்லுக்கு வரும். முதல் நாள் சாயங்காலம், விசிறியை அணைத்துவிட்டு, ஜன்னல்களை மெத்தையால் அடைத்துவிட்டு, நான் வாயைத் திறந்தேன். அதுவரை அக்கா அரைத்துக்கொண்டிருந்த மிளகாயின் நெடி மாடிப்படி வழியாக ஏறி வந்தது. ஆறு பேரும் ஒரே சுருதியில் இருமினோம்.

அக்கா படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, இது பாட்டா, இருமலா?" என்றார். பரவாயில்லை அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? அவருக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற சீசன் அதுதான். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் நெடி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காற்று திசை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். (வேலூரில், சித்திரையில், காற்று!)

ஐந்தாம் நாள் படியில் ஒரு பாட்டி டின்னோடு உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "ராத்திரி ஒம்போது மணிக்கு மேல வந்து வாங்கிக்கினு போவணுமாம். மேல யாரோ பாட்றாங்களாம்."

காய்ந்த மிளகாய் சூடு ஆறுவதற்குள் மெஷினில் விழ வேண்டும். ராத்திரிவரை வைத்தால் நமுத்துப்போகும், தூள் விழாது. அதனால் வந்த மிளகாயையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, மூடி போட்ட டின்னில் அடைத்து, நாங்கள் கிளம்பிய பிறகு அக்காவும் அவர் மகளும் நடுராத்திரிவரை அரைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பவும் மில்லைத் திறந்திருக்கிறார்கள். காத்திருக்கப் பிடிக்காத சிலர் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள் என்பதும் பாட்டி சொல்லித்தான் தெரியும். அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓடிப்போய்ப் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "காரம் தொண்டையில எறங்கிச்சின்னா லேசுல போவாது தம்பி. எனக்குத் தெரியாதா, இருவது வருசமா இதுலதானே கீறேன்."

அக்காவின் குரல் எப்போதும் கரகரத்துக் கம்மியே இருக்கும். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன்.

அன்று பாடியதுதான் ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு. இரண்டாவது டேக்கிலேயே ஓகே ஆனது. நன்றாக வந்ததா என்று நீங்கள் சொல்லுங்கள், என்னால் அதை நடுநிலையாகக் கேட்க முடியவில்லை.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். சுவரிலும் ஜன்னலிலும் சாத்தப் பதினோரு மெத்தை கொடுத்த காந்தி ரோடு லாட்ஜ் மேனேஜர். (ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் படுக்க வைத்திருந்தவை. திருப்பிக் கொடுத்தபோது ஒன்று குறைந்தது, அவர் எண்ணவே இல்லை. நான்தான் எண்ணினேன், மறுநாள் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.) கீபோர்டைக் கொடுத்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு ஆர்மோனியத்தோடு சமாளித்த தோட்டப்பாளையம் பாடகர் குழு. ஆற்காட்டிலிருந்து மைக் ஸ்டாண்டும் ஜெனரேட்டரும் ஏற்றி வந்த மைக் செட் அண்ணன். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்ததில் ஆற்காடு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் அவருக்கு வாடகைக் கணக்கில் நாங்கள் இன்னும் உள்ளூர்தான். தினமும் தூக்கில் மோர் அனுப்பிய பம்பை அண்ணன் வீட்டு அண்ணி. ஒரு பாட்டும் கேட்காமலே முன்பணம் அனுப்பிய உங்களில் பலர். காசு வாங்காமல் மிக்ஸ் செய்து, என் பல்லவி ஒன்றைத் தைரியமாக வெட்டியெறிந்த நண்பன். உன்மேல் இன்னும் கோபம்தான், ஆனால் நீ செய்தது சரி.

மில் அக்கா பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. எங்கள் வீட்டு மிளகாய் இனிமேல் சத்துவாச்சாரியிலிருந்து கொசப்பேட்டைக்குத்தான் போகும். அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரச் சொன்னாலும் போவோம்.

இன்று காலை ஃபோனை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். கரண்ட் இல்லை. ஐந்தாவது பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா மெஷின்மேல் சாய்ந்து நின்று, மாவு படிந்த கையோடு ஃபோனைக் காதில் ஒட்டி வைத்துக் கேட்டார். முதல் சரணம் முடிந்து பம்பை மட்டும் தனியாக வரும் இடத்தில் டியூப் லைட் மினுக்கி எரிந்தது. வாசலில் நாலு டின் காத்திருந்தது.

"மீதிய ராத்திரி கேக்கறேன்" என்று ஃபோனைக் கொடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டார்.