‘50 பிரதிகள் மட்டுமே’: எதில் ஐம்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியர்கள் தங்கள் படைப்புகளை எண்ணிட்ட அச்சுப் பிரதிகளாக விற்பது பற்றித் தங்கள் கலைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘50 பிரதிகள் மட்டுமே’ என்பதையே பெரிய உத்தரவாதமாக எழுதியிருந்தார்கள். எதில் ஐம்பது என்று சொல்லாதவரை அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்க முடியாது.

உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, மையிட்டு அச்சிடும் ட்ரைபாயின்ட் முறையில், கீறிய கோட்டின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறுதான் மையைப் பிடித்து அந்த மெத்தென்ற கறுப்பைத் தருகிறது. பிரஸ்ஸில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் பிசிறு நசுங்கும். சில பத்துப் பிரதிகளிலேயே கோடு வெளிறிவிடும். அங்கே எண்ணிக்கையைத் தகடே முடிவு செய்துவிடுகிறது. இன்க்ஜெட்டில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. ஓவியர் எழுதிக்கொடுக்கும் வாக்கு ஒன்றே வரம்பு.

அந்த வாக்கு முதல் பிரதி விற்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஏ3 அளவில் 50, ஏ2-வில் 50, கான்வாஸில் 50 என்று போட்டால் சுவரில் மாட்டப்படுவது 150 பிரதிகள். ‘எல்லா அளவும் எல்லாத் தாளும் சேர்த்து இத்தனை’ என்பதைச் சான்றிதழில் சொல்ல வேண்டும், ஓவியர் தமக்கென அந்த எண்ணிக்கைக்கு வெளியே எடுத்துக்கொள்ளும், ஏ.பி. எனக் குறிக்கப்படும் ஓவியர் பிரதிகள் எத்தனை என்பதையும்தான். வழக்கமாக அவை மொத்த எண்ணிக்கையில் பத்து சதவீதம். பலர் இதைச் சொல்வதே இல்லை. புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் 2012-ல் தம் பழைய படங்களைப் பெரிய அளவில் டிஜிட்டலாகப் புதிதாக அச்சிட்டு ஏலத்தில் விற்றார். முன்பே சிறிய பிரதிகளை வாங்கியிருந்த சேகரிப்பாளர் ஒருவர் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். புதியவை வேறு பதிப்பு என்று 2013-ல் வழக்கு தள்ளுபடியானது. எழுத்தில் இல்லாததை நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவது கடினம்.

அச்சின் தரம் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஏ2 அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் கோப்பு ஏறத்தாழ 4960 × 7016 பிக்சல் இருக்க வேண்டும். சிறிய கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் தூரிகைத் தடம் மழுங்கிவிடும். பிரதி இருட்டாக வருகிறது என்பார்கள். பெரும்பாலும் மானிட்டர் வெளிச்சம் அதிகமாக வைத்துத் திருத்தியதுதான் காரணம். நிறத் திருத்தத்தை மென்பொருளிலும் பிரிண்டர் டிரைவரிலும் ஒருசேர விட்டுவைத்தால் நிறம் மொத்தமாகத் திரிந்துபோகும். ஒன்றை அணைத்தே ஆக வேண்டும். தாள் அமிலமற்ற பருத்தித் தாளாக, பிக்மென்ட் (நிறமித் துகள்) மைக்கு ஏற்றதாக இருக்கட்டும். வெண்மையூட்டி சேர்த்த தாள் முதலில் பளிச்சென்றிருக்கும். வருடங்கள் போகப்போக அந்த வெண்மை மங்கி மஞ்சள் தட்டும்.

பருத்தித் தாளை அச்சிடும் முன் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் நூலிழையின்மேல் மை விழுந்து, பிறகு அந்த இழை உதிர்ந்தால், கறுப்புப் பகுதியின் நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும். தொட்டுச் சரிசெய்தாலும் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்தத் தாளைக் கிழித்துவிடுவதே நேர்மை. அச்சிட்டதும் கண்ணாடிச் சட்டத்தில் போடவும் கூடாது. மையிலுள்ள கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் புகைபோலப் படியும். குறைந்தது ஒரு நாளாவது காய வேண்டும்.

பிரதியின் வரிசை எண்ணை, படத்துக்குக் கீழே இடப்பக்கமும் கையெழுத்தை வலப்பக்கமும் பென்சிலால் இடுவதே வழக்கம். ஆர்டர் வர வர அச்சிடுகிறவர்கள் ஒப்புதல் பெற்ற முதல் பிரதியை இருட்டில் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு புதிய பிரதியையும் அதனோடு ஒப்பிட்டே அனுப்ப வேண்டும். அனுப்பும் வழியில் சேதமானால், பழையதைத் திரும்ப வாங்கி அழித்த பிறகே அதே எண்ணில் மாற்றுப் பிரதி கொடுக்கலாம். இதைப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும்.

இனி இத்தகைய விற்பனைச் செய்திகளை வெளியிடும்போது மொத்தப் பிரதிகள், ஏ.பி. எண்ணிக்கை, தாள், மை ஆகிய நான்கையும் கேட்டு அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அச்சுப் பிரதித் தொழிலில் உள்ள ஒரு வாசகர்