கப்பலில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆச்சியின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதைப் போன் பேசும்போதெல்லாம் சொல்லி அழுகிறாய். உனக்கு எழுதுவதை இங்கேயே எழுதுகிறேன். ஆச்சியைத் தெரிந்த மற்றவர்களும் படிக்கட்டும்.

தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அம்மாவுக்கு விவரம் தெரியாத வயசு. அதற்கப்புறம் கருவாட்டுக் கூடைதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. விடியற்காலைப் பூசை முடித்துவிட்டுத்தான் ஆச்சி சந்தைக்குப் போவாள். கூடையைக் கோயில் வாசலில் வைக்க மாட்டாள். வாடை உள்ளே வரும் என்று தள்ளியிருந்த வேப்ப மரத்தடியில் வைத்து, கையைக் கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க வெற்றிலையைத் தொட மாட்டாள். ஆகஸ்டு 5 பனிமய மாதா திருவிழாவன்று மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் வியாபாரம் கிடையாது.

2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் செபமாலையில் ஒளியின் தேவ இரகசியங்கள் என்று இயேசுவின் வாழ்விலிருந்து தியானிக்க ஐந்து நிகழ்ச்சிகளைச் சேர்த்தாரே, நினைவிருக்கிறதா? ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. வியாழக்கிழமைதோறும் நம்மை வாசிக்கச் சொல்லி, ஐந்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தாள். அதில், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர் கல்யாணம் அவளுக்கு உயிர். "பந்தியில ரசம் தீர்ந்து போச்சுன்னு மொதல்ல கண்டது யாரு? மாதாதான். யாரும் சொல்லி அவங்களுக்குத் தெரியல" என்பாள்.

ஆச்சியின் பக்தி எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். பக்கத்துத் தெருப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு எடுக்க வழியில்லை என்றதும், கம்மலை அடகு வைத்துத் துணி எடுத்துக் கொடுத்தாள். அதை மீட்கவே இல்லை. அம்மாவுக்கு அப்போது கோபம்தான். அந்தப் பிள்ளை இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அடக்கத்தன்று முதல் ஆளாக வந்து, ஆச்சியைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டது அவள்தான்.

நீ கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றபோது ஆச்சி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடல் அவளிடமிருந்து என்ன எடுத்தது என்று உனக்கே தெரியும். நீ கிளம்பிய அன்றிலிருந்து செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். உனக்கென்று தனியாக இன்னொரு பத்து மணி சொல்லுவாள். கடைசி வாரம் நாக்கு குழறியபோதும் விரல் மணியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பத்து முடிந்ததும் உன் பேரைச் சொன்னாள். அதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லியாகிவிட்டது. அப்புறம், ஆச்சி மாதாமாதம் அரிசி கொடுத்துவந்த வீடு ஒன்று இருக்கிறது. அவள் போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இந்த மாதம் நான் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் உன் முறை, பணம் அனுப்பிவிடு.

அன்புடன்,
அக்கா