மடக்குக் கத்திக் கட்டுரை: ஒரு வரிக்கு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அசல் மடக்குக் கத்தியையும் அதன் மலிவு மாற்றையும் ஒப்பிட்ட சென்ற இதழ்க் கட்டுரையில் ‘இரண்டும் ஒன்றுதான், கூடுதல் காசு பெயருக்கு மட்டுமே’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் பக்கத்தின் நடுவே பெரிய எழுத்தில் தனியாகவும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். கத்தியைக் கழற்றித் துடைத்து, தீட்டி, மறுபடி பூட்டிக் கொடுப்பதே வேலையாக இருப்பவர்களும் தங்கள் பத்திரிகையைப் படிக்கிறோம். அந்த வரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று. கட்டுரை மூன்று வேறு வேறு பொருட்களை ஒன்றாகக் கலந்துவிட்டது. அசல் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் பொறித்து வருவது போலி, அது மோசடி. பெயரை மாற்றிக்கொண்டு உருவத்தை அப்படியே எடுத்தாள்வது நகல். சொந்த வடிவத்தில் மலிவாகச் செய்து விற்பது மூன்றாவது வகை; அதற்கு மரியாதை உண்டு. விரித்த அலகு மடங்காமல் ஒரு குறுக்குக் கம்பியால் தடுக்கும் ஆக்சிஸ் பூட்டை அமெரிக்கக் கத்தி நிறுவனமான பெஞ்ச்மேட் 1998இல் கொண்டுவந்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் அதே முறையைத் தங்கள் கத்திகளில் வைக்கின்றன. சிலர் நன்றாகவே செய்கிறார்கள். அதை நகல் என்று யாரும் பழிக்கவில்லை. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் மூன்றையும் ‘மலிவு மாற்று’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அச்சிட்டதுதான் மனத்தைப் புண்படுத்துகிறது.

கட்டுரையாளர், கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா என்ற விலையுயர்ந்த கத்தியையும் அதன் நகலையும் அருகருகே வைத்துப் படம் பிடித்திருக்கிறார். படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் அந்தக் கத்தியின் வேலைப்பாடு வெளி உருவத்தில் இல்லை. கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் கீறல் விட்டு, அந்தப் பட்டை உள்பக்கம் வளைந்து அலகின் அடியை முட்டுக் கொடுத்து நிற்கும்படி செய்த பூட்டு அது. முட்டும் இடத்தில் அலகின் அடி சுமார் 7–8 டிகிரி சாய்வாக இழைக்கப்பட்டிருக்க வேண்டும். சாய்வு கூடிவிட்டால் அழுத்தும்போது பட்டை வழுக்கி விலகும். கத்தி விரல்மேல் மடங்கும். குறைந்துவிட்டால் பட்டை இறுகிக்கொண்டு விடாது. தேயத் தேய அது நகரும் தூரமும் வேகமாக ஏறும். இந்தச் சாய்வைக் கத்திக்குக் கத்தி பிசகாமல் வைப்பதற்கும், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துச் சரிசெய்வதற்கும்தான் பணம் போகிறது.

சந்தேகம் உள்ளவர்கள் கத்தியை முழுதாக விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பட்டையும் அலகும் சந்திக்கும் இடத்தைப் பார்க்கட்டும். பட்டையின் நுனி அலகு அடியின் அகலத்தில் கால் பங்கிலிருந்து பாதிவரை ஏறி நின்றால் சரி. முட்டும் முகம் அச்சாணியிலிருந்து தள்ளியிருக்கும் பக்கமாகப் படிய வேண்டும். மட்டமான நகலில் ஒரு மூலை மட்டும் பொட்டாகத் தொட்டுக்கொண்டிருக்கும், இல்லையென்றால் புதிதாக இருக்கும்போதே பட்டை எதிர்ப்பக்கத் தகட்டை நெருங்கிவிட்டிருக்கும். அப்புறம் விரல்களைக் கூர் மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகைக் கையால் நிதானமாக அழுத்த வேண்டும். மேலும் கீழும் துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்தப் பூட்டை நம்பக் கூடாது.

டைட்டானியம் எஃகோடு உரசி ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அதனால்தான் செபென்சா 31 மாடலில் முட்டும் இடத்தில் ஒரு பீங்கான் குண்டு வைத்தார்கள். விடுவிக்கும்போது பட்டை அளவுக்கு மீறி வெளியே வளைந்துவிடாமல் தடுக்க, ரிக் ஹிண்டரர் என்ற கத்தி வடிவமைப்பாளர் ஒரு வட்டத் தடுப்பைக் கொண்டுவந்தார். நகல்கள் பலவற்றில் அந்த வட்டம் பார்வைக்கு இருக்கிறது. பட்டைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பதால் எதையும் தடுப்பதில்லை. உருவத்தைப் பார்த்துச் செய்பவர் அந்த உறுப்பு எதற்கு என்று கேட்காததன் விளைவு இது. ஆக்சிஸ் வகை நகல்களிலும் இதே கதை. குறுக்குக் கம்பியைத் தள்ளிப் பிடிப்பது இரண்டு பக்கமும் உள்ள மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள். ஒன்று ஒடிந்தால் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டும் போனால் பூட்டே இல்லை. அசலுக்கு ஸ்பிரிங் மாற்றித் தர ஆள் இருக்கிறது. நகலுக்கு உதிரிப் பாகம் கேட்டு யாரிடம் போவது? ஸ்குரூ கழற்றும்போதே அதன் டார்க்ஸ் (நட்சத்திரப் பள்ளம் உள்ள) தலை வழுக்கிக் குழிந்துவிடும் கத்திகளைத்தான் பழுதுக்குக் கொண்டுவருகிறார்கள். தலை மிருதுவான இரும்பு. மரையில் பசையோ தேவைக்கு மேல்.

எஃகு பற்றிக் கட்டுரை சொன்னது அரை வரி: ‘இரண்டும் ஸ்டெயின்லெஸ்.’ இதைப் படித்துவிட்டு வாசகர் என்ன தெரிந்துகொள்வார்? அலகில் எஃகின் பெயராக வெறுமனே 440 என்று பொறித்திருந்தால் அது 440ஏ ஆகவும் இருக்கலாம், 440சி ஆகவும் இருக்கலாம். முன்னதில் கரி (கார்பன்) 0.60 முதல் 0.75 சதவீதம், பின்னதில் 0.95 முதல் 1.20. கூர் நிற்கும் காலத்தில் இதனால் பெரிய வித்தியாசம் வரும். டி2 என்ற எஃகின் பெயர் பொறித்தவற்றில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் அதில் நிறைய கரியோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடுவதால் ஈரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அதை ஸ்டெயின்லெஸ் என்று எழுதுவது வாசகரின் கத்தியைக் கெடுக்கும் யோசனை.

பெயரைவிடப் பெரியது பதம், அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்து ஏற்றும் உறுதி. பக் நிறுவனத்தின் 110 மாடல் 1964இல் வந்தது. உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட மடக்குக் கத்திகளில் ஒன்று. அதில் போடும் 420எச்சி என்பது விலை உயர்ந்த எஃகே அல்ல. பதமேற்றும் நிபுணர் பால் பாஸ் வகுத்த முறையில் பதமேற்றி, கடினத்தை ராக்வெல் அளவுகோலில் 58 அளவுக்குக் கொண்டுவருவதால்தான் அது உழைக்கிறது. பித்தளை முனையும் மரப் பிடியும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பதம் சரியில்லாத அலகு தீட்டும்போது நன்றாகக் கூர் ஏறியதுபோல் காட்டி, அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்ததும் விளிம்பு மடிந்து பளபளக்கும். விளக்கின் கீழ் கத்தியின் வாயைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

மலிவுக் கத்திகளுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் கட்டுரை கொடுக்கவில்லை என்பது இன்னொரு வருத்தம். ஆலையில் வேகமாகப் பெல்ட்டில் இழைக்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறிப் பதம் இழக்கலாம்; இது விலையுயர்ந்த கத்திக்கும் நேரும். அந்த முதல் கூரை வைத்து எந்தக் கத்தியையும் எடைபோடக் கூடாது. நாலைந்து முறை கல்லில் தீட்டி, கெட்ட பகுதி தேய்ந்துபோன பிறகுதான் உள்ளே இருக்கும் எஃகு பேசும். கட்டுரையாளர் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு காகிதம் வெட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். முன்பு ஒரு இதழில், கத்தியை இழுத்துக் கூராக்கும் கருவியை எல்லாக் கத்திக்கும் பரிந்துரைத்தீர்கள். அது விளிம்பைச் சீவி எடுப்பதால் அலகு வீணாகத் தேய்கிறது. கோணமும் கருவி சொன்னதுதான். அலகின் ஒவ்வொரு பக்கத்தையும் 15 முதல் 20 டிகிரி கோணத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் பிசிறு (மெல்லிய உலோக விளிம்பு) எழும்வரை கல்லில் தீட்டி, பிறகு பிசிறை மெல்ல எடுப்பதை விளக்க அரைப் பக்கம் போதும். இன்னொரு இதழில் பூட்டைச் சோதிக்க அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடிக்கும் படம். நல்ல பூட்டையும் அது கெடுக்கும். கெட்ட பூட்டானால் விரல் போகும். இரண்டுக்கும் மறுப்பு அனுப்பினோம். இரண்டும் வெளியாகவில்லை.

கையில் காசு குறைவாக உள்ளவருக்கு நகல்தான் கதி என்பதுபோல் கட்டுரை முடிகிறது. சுவிஸ் விக்டோரிநாக்ஸ் கத்திகளும் பிரெஞ்சு ஒப்பினெல் கத்திகளும் என்ன ஆயின? ஒப்பினெல், ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த அதே எளிய கத்திதான்: மரப் பிடி, மெல்லிய அலகு. 1955இல் சேர்ந்த சுழல் வளையம் அதைப் பூட்டுகிறது. மரம் ஈரம் குடித்தால் உப்பி அலகு இறுகும், கார்பன் எஃகு வகையைத் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. விக்டோரிநாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் 56 சுற்றிலும்தான். சீக்கிரம் மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும் நொடியில் கூர் ஏறும், துருவும் எளிதில் அண்டாது. இவை இரண்டும் மலிவு, இரண்டும் அசல். கட்டுரையில் இவற்றுக்கு ஒரு சொல்கூட இடமில்லை.

கேட்பது பெரிதல்ல. பெரிய எழுத்தில் போட்ட அந்த வரிக்கு அடுத்த இதழில் சிறிய எழுத்திலாவது ஒரு திருத்தம். இனி கத்திகளை ஒப்பிடும்போது படத்தின் கீழே எஃகின் முழுப் பெயர், அளந்து பார்த்த கடினம், பூட்டின் வகை, விளிம்புக்குச் சற்று மேலே அலகின் தடிமன், உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற விவரம். தடிமனை அளக்க ஒரு வெர்னியர் போதும்: அரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அலகு வெட்டும், ஒரு மில்லிமீட்டரை எட்டினால் எத்தனை கூரானாலும் பிளக்கத்தான் செய்யும்.

இந்தக் கடிதத்தையாவது சுருக்காமல் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்