முதியோருக்கு நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோருக்குத் தலைசுற்றல் வந்தால் 'பித்தம்' என்றோ 'வயதாகிவிட்டது' என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். 78 வயதான என் தாயாரும், படுக்கையில் புரளும்போதெல்லாம் அறையே சுழல்வதாகச் சொல்லிப் பல மாதங்கள் மாத்திரை மட்டுமே விழுங்கிவந்தார். உட்செவியில் இடம்பெயர்ந்த நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களே காரணம் என்று கண்டறிந்த காது மூக்கு தொண்டை மருத்துவர், 'எப்லி' முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பிச் சில நிமிடங்களில் குணப்படுத்தினார். அந்த மாதங்களில் அவர் விழாமல் தப்பியதே பெரும் பேறு.

எழுந்து நிற்கையில் வரும் கிறுகிறுப்பு வேறு வகை. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ, கீழ் அழுத்தம் 10 புள்ளியோ குறைந்தால் அது கவனிக்கத்தக்க வீழ்ச்சி. ரத்த அழுத்த மாத்திரைகள், நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு, கோடையில் நீர்ச்சத்துக் குறைவு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்தால் இது தெரியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள், இயலாதவர்களின் வீடுதேடி வந்து மாத்திரை தருவது பேருதவி. முதியோரை நிற்கவைத்தும் ஒருமுறை அளந்து, வேறுபாட்டை மருத்துவரிடம் தெரிவிக்குமாறு அவர்களுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், கும்பகோணம்.