யாத்விகாவை 'மன்னரின் மனைவி' என்று எழுதாதீர்கள்

தமிழில் உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கும் பாடநூல் தொகுப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறவள். சென்ற வாரம் ஒரு மாணவி தன் கையேட்டை என்னிடம் நீட்டினாள். போலந்து பற்றிய பத்தியில் ஒரே ஒரு பெண்ணின் பெயர்தான் இருந்தது: யாத்விகா, 'மன்னர் யாகெல்லோவின் மனைவி'. "டீச்சர், இவர் வேறு எதுவும் செய்யவில்லையா?" என்று கேட்டாள்.

செய்தார். 1384 அக்டோபரில் போலந்தின் அன்றைய தலைநகரான கிராகோவில் அவருக்கு முடிசூட்டினார்கள். அரசியாக அல்ல, அரசராக. அரசியைக் குறிக்க 'ரெஜினா' என்ற சொல் லத்தீனில் இருக்கும்போதே, அரசரைக் குறிக்கும் 'ரெக்ஸ்' என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். நம்முடைய 'பட்டத்தரசி' கூட மன்னனின் முதன்மை மனைவியைத்தானே நினைவூட்டுகிறது? யாத்விகாவின் ஆட்சியுரிமை கணவர் வழி வந்ததல்ல. லித்துவேனியாவின் ஆட்சியாளர் யாகெல்லோ ஞானஸ்நானம் பெற்று அவரை மணந்து முடிசூடியது 1386இல்தான்.

அப்போது அவர் சிறுமி என்பதை நான் மறைக்கவில்லை. முடிசூடியபோது வயது பத்து, பதினொன்று இருக்கும். மகள்களின் வாரிசுரிமையை ஏற்கச் செய்வதற்காகத் ஹங்கேரியையும் போலந்தையும் ஆண்ட தந்தை லாயோஷ் 1374இலேயே போலந்துப் பிரபுக்களுக்கு நிலவரியைக் குறைத்திருந்தார். ஆஸ்திரியாவின் வில்ஹெல்மோடு சிறுவயதில் செய்திருந்த மண ஒப்பந்தத்தை முறித்து யாகெல்லோவைத் தேர்ந்தெடுத்தவர்களும் அந்தப் பிரபுக்களே. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1387இல் படையோடு சென்று, ஹங்கேரியின் பிடியில் இருந்த லிவிவ் பகுதியை (இன்று உக்ரைனில் உள்ளது) மீட்டார். 1397இல் போலந்தின் வடக்கே ஆண்ட ஜெர்மானியப் போர்த்துறவியர் அமைப்பான டியூட்டானிய வீரத்துறவிகளின் தலைவரை நேரில் சந்தித்துப் பேச்சு நடத்தினார். அதே ஆண்டு, கிராகோவ் பல்கலைக்கழகத்தில் இறையியல் துறை தொடங்கப் போப்பின் அனுமதி கிடைத்தது. அதற்காக முயன்றவர்களில் அவரும் ஒருவர்.

1399இல் பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தார். தன் நகைகளை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். 1400இல் அது புத்துயிர் பெற்றது. கிராகோவின் வாவெல் பேராலயத்தில் அவருடைய கல்லறையைத் திறந்தபோது உள்ளே இருந்த அரச சின்னங்களான செங்கோலும் உருண்டையும் பொன்னால் செய்தவை அல்ல, மரமும் தோலும்தான். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் பேச்சற்று இருந்தார்கள்.

அவர் வெறும் மனைவி என்றால், அவர் மறைந்ததும் யாகெல்லோவின் அரியணை ஏன் ஆட்டங்கண்டது? போலந்தின் பழைய மன்னர் காசிமிரின் பேத்தி அன்னாவை 1402இல் மணந்துதான் தன் உரிமைக்கு அவர் வலுச் சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள். முதலில் 1384 வரட்டும். திருமணம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை